நூலகமும் இறையியல் ஆராய்ச்சியும்

1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் உட்சென்று வழிபடும் உரிமை கோரி நின்றனர். வழிபாட்டிடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றம் என்னும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் நிறைவேறியிருந்தது. ஆயினும் வாசலை மறித்து நின்றோர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். அவர்தம் வாதம் ஒரே சொல்லில் அடங்கிற்று. அச்சொல் ஆகமம் என்பது. மறித்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் எழுத்தறிவற்ற ஒருவரல்லர். பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராகவும், சுதந்திரம் பெற்ற காலத்து அரசாங்கத்தில் அமைச்சராகவும் இருந்த சுந்தரலிங்கம் அவர்களே.

எமது தலைமுறை அப்பொழுது பிறந்திருக்கவில்லை. அப்போராட்டம் பற்றி எழுதப்பட்டவற்றை வாசிக்குந்தோறும் எம் மனத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. எந்த ஆகமம்? எந்தப் படலம்? கணிதத்தில் நிறுவலின்றி எதனையும் ஏற்க மறுக்கும் ஒருவர், கோயில் வாசலில் மட்டும் நிறுவல் கேளாதது ஏன்? எதிர்த்தரப்பில் நின்ற முற்போக்காளரும், நாம் வாசித்தவரையில், இக்கேள்வியை வற்புறுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. சைவாகமங்கள் இருபத்தெட்டு என்பர். அவற்றுட் காமிகம், காரணம் முதலிய சில 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சென்னையிற் கிரந்த எழுத்தில் அச்சேறியிருந்தன. அவற்றை வைத்திருந்தோர் பெரும்பாலும் குருக்கள்மார் குடும்பத்தினர். இரௌரவ ஆகமத்தின் முதற் பாகம், பல சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்தப்பட்டு, 1961இலே புதுச்சேரியில் வெளிவந்துவிட்டது. அதாவது மாவிட்டபுரத்து வாசல் அடைக்கப்படுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே ஆகமம் என்னும் நூல் ஆராய்ச்சியாளர் எவரும் விரித்துப் பார்க்கத்தக்க நிலையில் இருந்தது. இடையிலே கிடந்தது குறுகிய ஒரு கடல். ஆயின் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் அதனைச் சென்று பார்ப்பதற்கு அக்கடல் போதிய தடையாகவே இருந்தது.

நூல் எங்கே இருக்கிறது, அதனை யார் விரிக்கலாம், விரித்தால் வாசிக்க வல்லவர் யார் என்பன நூலகத்தாரின் நிர்வாகப் பிரச்சினைகள் எனக் கருதப்படுகின்றன. அவை சமூகப் பிரச்சினைகள் என்பதே இக்கட்டுரையில் நாம் கூற முற்படுவது. சமயநூலின் பெயரால் மனிதரை விலக்கி வைக்கும் சமுதாயத்தில், அந்நூலைச் சோதித்துப் பார்க்கும் வசதியும் போராட்டத்தின் ஒரு பகுதியே.

இன்று ஆய்வு நூலகங்களைப் பற்றி இரண்டு கூற்றுக்கள் அடிக்கடி கேட்கின்றன. எல்லாம் கணினித் திரைக்கு வந்துவிட்டன, இனி நூலகம் எதற்கு என்பது ஒன்று. சமயநூல்கள் அவ்வச் சமயத்தாரின் முதுசொம், பிறர் அவற்றைத் துருவி ஆராய்வது தகாது என்பது மற்றையது. முன்னையதைக் கூறுவோர் தம்மை நவீனர் என்பர். பின்னையோர் மரபினர் என்பர். எமக்கோ இருவரும் ஒரே தவறிழைப்பதாகத் தோன்றுகின்றது. இருவருக்கும் நூலகம் என்பது பெட்டகம். ஒருவர் பெட்டகம் காலியாகிவிட்டது என்கிறார். மற்றவர் பூட்டு வேண்டும் என்கிறார். இறையியல் ஆராய்ச்சியில் நூலகம் வகித்த பங்கு எத்துணை மாறி வந்துள்ளது என்பதை வரலாற்று வழிநின்று நோக்கினால் இரு கூற்றும் நில்லா. தமிழோடு தொடர்புடைய நூற்றொகுதிகளைக் கொண்டே அதனைக் காட்டலாம்.

1706ஆம் ஆண்டு டென்மார்க்கு மன்னரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார், இரண்டே ஆண்டுகளில் ஒரு நூலகத்தைத் திரட்டிவிட்டார். 1708இல் அவர் அதற்கு எழுதிய பட்டியல் ‘பிப்லியோதேக்கா மலபாரிக்கா’ எனப்படும். இந்துக்களுடைய நூல்கள் என அவர் வகுத்த பகுதியில் மட்டும் 119 நூல்கள் இடம்பெற்றன. ஒவ்வொரு நூலின் பெயரையும் தந்து, அதன் பொருள் யாது, அது மக்களிடையே எவ்வாறு மதிக்கப்படுகின்றது, கற்க எளிதோ அரிதோ என்றெல்லாம் அவர் குறித்துச் செல்கின்றார். இப்பட்டியலை உவில் ஸ்வீட்மன் என்பாரும் இலக்குவன் என்பாரும் ஆங்கிலத்தில் விரிவான குறிப்புக்களுடன் 2012இல் புதுச்சேரியிலிருந்து பதிப்பித்துள்ளனர். தமிழிலக்கிய வரலாறு கற்பிப்போர் தவறவிடக்கூடாத நூல் அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் எவ்வெத் தமிழ் நூல்கள் கைக்குக் கிடைத்தன என்பதற்கு இதனினும் நேரான சான்று அரிது.

அந்நூல்கள் எப்படிக் கிடைத்தன? தமது எழுத்தர்களைப் பல நாட்பயணம் உள்நாட்டுக்குள் அனுப்பி, இறந்துபோன பிராமணரின் கைம்பெண்களிடமிருந்து சிறுதொகைக்கு ஏடுகளை வாங்கியதாகச் சீகன்பால்கு தாமே எழுதியுள்ளார். இவ்வொரு செய்தியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்கு ஏட்டை வாசிக்கும் உரிமை இல்லை; அதனை விற்றுச் சில நாள் உணவு தேடும் தேவை மட்டும் இருந்தது. ஐரோப்பாவிலே கீழைத்தேயச் சமய ஆராய்ச்சி என்று பின்னர் பெரும்பெயர் பெற்ற துறைக்கு இடப்பட்ட முதற் கற்களுள் இப்பெண்களின் வறுமையும் ஒன்று. விற்க மறுக்கப்பட்ட ஏடுகள் இரவல் வாங்கிப் படியெடுக்கப்பட்டன. நாளெல்லாம் குந்தியிருந்து எழுத்தாணி பிடித்தவர்கள் கூலிக்கு எழுதிய தமிழர். அவர்களுட் பெரும்பாலார் பெயர் எமக்குக் கிடைத்திலது. பெயர் கிடைத்தவர் பட்டியலை எழுதியவர்.

அந்நூலகத்தின் நோக்கம் வெளிப்படையானது. எதிரியின் ஆயுதத்தை அறிந்து எதிரியை வெல்லவே அது கூட்டப்பட்டது. ஆயினும் நூல்கள் தம்மைத் திரட்டியவனின் எண்ணத்துக்கு என்றும் கட்டுப்பட்டு நிற்பதில்லை. தமிழரை அறிவற்ற புறச்சமயிகள் என எண்ணி வந்த பாதிரியார், இந்நூல்களைக் கற்றபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக ஐரோப்பியருக்கு எழுதினார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். சிவவாக்கியர் பாடல்களை அவர் பெரிதும் எடுத்தாண்டார். உருவ வழிபாட்டையும் சாதியையும் சாடும் சித்தர் ஒருவரது குரல் பாதிரியாருக்கு உவப்பாயிருந்ததில் வியப்பில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் காணுதல் வேண்டும். சைவ மடங்களும் புலவர்களும் ஓரத்தில் ஒதுக்கிய சிவவாக்கியரை, ஒரு வெளிநாட்டு மிஷனரியின் நூலகம் நடு அலமாரியில் வைத்தது. எந்த நூல் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதே ஓர் இறையியற் கூற்று ஆகிவிடுகின்றது.

இனி இக்கதையின் இரண்டாம் பாகம். சீகன்பால்கு 1711இல் தமிழரின் சமயம் பற்றி ஒரு பெருநூலும், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி பற்றி மற்றொரு நூலும் எழுதி ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பினார். ஹாலே நிறுவனத்தின் தலைவர் பிராங்கே அவற்றை அச்சிட மறுத்தார். மிஷனரிகள் போனது புறச்சமயத்தை வேரறுப்பதற்கு, அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவிற் பரப்புவதற்கன்று என்பது அவர் கருத்து. வம்சாவளி நூல் 154 ஆண்டுகள் கழித்து, 1867இலே, சென்னையிற் கேர்மான் என்பவரால் அச்சிடப்பட்டது. மற்றைய நூலைக் காலந்து என்னும் ஒல்லாந்து அறிஞர் 1926இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்டார். அதற்கிடையில் 215 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஏட்டை விற்ற கைம்பெண்ணுக்கு அதனைப் படிக்க உரிமையில்லாதிருந்தது போலவே, அந்த ஏடுகளிலிருந்து எழுந்த நூலைப் படிக்க ஐரோப்பியப் பொதுமக்களுக்கும் உரிமையில்லாது போயிற்று. கறையானும் ஈரமும் மட்டுமே நூல்களின் பகைவர் என நூலகத்தார் கூறுவதுண்டு. பூட்டிய அலமாரியையும் அவர்கள் அப்பட்டியலிற் சேர்த்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நிறுவிய செமினரி, கிறிஸ்தவ வேதத்தோடு கணிதமும் வானியலும் தமிழிலக்கியமும் கற்பித்த உயர்கல்வி நிலையம். அதன் அதிபர்களுள் ஒருவரான ஹொய்சிங்டன் பாதிரியார் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை என்னும் மூன்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அவை அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் 1854இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. உயர்கல்வி பெற்றவர் உபதேசியாராகாமல் அரசாங்க உத்தியோகத்துக்கும் வேறு தொழிலுக்கும் போய்விடுகின்றனர், இதனால் மிஷனுக்கு ஆதாயமில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு கண்டதே அதற்குக் காரணம். சைவசித்தாந்தத்தை உலகறியச் செய்த நிலையம், அதனை அறியச் செய்த மறுவருடமே கணக்குப் பார்த்துக் கைவிடப்பட்டது. முதலிட்டவன் இலாபம் கேட்பான், அறிவிலும் அதுவே.

ஆறுமுக நாவலர் கதை இதன் எதிரொலி. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக நின்று விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பிற் பல ஆண்டு உழைத்தவர் அவர். பாதிரியாரின் மேசைமேலிருந்த விவிலியத்தை வரிவரியாகக் கற்றவர். 1854இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ அக்கற்றலின் பயன். சைவக் கிரியைகளைப் பாதிரிமார் எள்ளியபோது, அவற்றை ஒத்த கிரியைகளை விவிலியத்திலிருந்தே நாவலர் எடுத்துக் காட்டினார். சீகன்பால்கு தமிழ் ஏடுகளுக்குச் செய்ததை நாவலர் விவிலியத்துக்குச் செய்தார் எனலாம். அச்சியந்திரத்தின் மூலம் சைவநூல்களை மடங்களிலிருந்து வீடுகளுக்குக் கொணர்ந்த பெருமையும் அவருடையதே. ஆனால் அவ்வீடுகள் எவருடைய வீடுகள் என்ற கேள்வியை நாம் கேளாமல் விடமுடியாது. சாதியாசாரத்தை நாவலர் தளரவிடவில்லை. அச்சு திறந்த கதவு பாதித் தெருவுக்கே திறந்தது.

இதுவரை கூறியவை யாவும் படைக்கலக் கொட்டில்களாக அமைந்த நூலகங்கள். ஒவ்வொன்றும் ஒரு சமயத்தாரது, மற்றொரு சமயத்தாரை நோக்கியது. இந்நிலை மாறி, எச்சமயத்துக்கும் வழக்குரைஞராகாமல் நூல்களைத் திரட்டி ஒப்புநோக்கும் ஆய்வு நூலகம் எமது பிரதேசத்தில் வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். அதற்குச் சிறந்த உதாரணம் 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம். அதன் முதல் இயக்குநர் ஜான் பிலியோசா. அங்கே ஆகமப் பகுதியை நெடுங்காலம் நடத்தியவர் என். ஆர். பட் என்னும் வடமொழி அறிஞர். அவரும் அவருடன் பணியாற்றிய பண்டிதர்களும் தமிழ்நாட்டுக் கோயிற் குருக்கள்மார் வீடுகளுக்குச் சென்றனர். தந்தவரிடம் ஏடுகளைப் பெற்றனர். தர விரும்பாதவரிடம் இரவல் வாங்கித் தேவநாகரியிற் கடதாசியிற் படியெடுத்துத் திருப்பிக் கொடுத்தனர். பரணில் உக்கிக்கொண்டிருந்த கிரியைநூல்கள் இவ்வாறு ஒன்றாகச் சேர்ந்தன. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதியை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவேட்டிற் சேர்த்தது. இரௌரவத்தைத் தொடர்ந்து மிருகேந்திரம், அசிதம், மதங்கபாரமேசுவரம் என்பனவற்றையும் பட் பதிப்பித்தார்.

இத்தொகுதி ஆராய்ச்சியின் போக்கையே திருப்பிவிட்டது. சைவசித்தாந்தம் தமிழருக்கே உரிய தத்துவம், மெய்கண்டாரிலே பிறந்தது என்று நாம் பாடசாலை விழா மேடைகளிற் கேட்டு வளர்ந்தோம். தென்னாட்டு ஏடுகளைக் காஷ்மீரத்து நூல்களுடனும் நேபாளத்து ஓலைகளுடனும் ஒப்புநோக்கிய அறிஞர்கள் வேறு ஒரு சித்திரத்தைத் தருகின்றனர். 10ஆம் நூற்றாண்டிற் காஷ்மீரத்தில் வாழ்ந்த இராமகண்டர் ஆகமங்களுக்கு எழுதிய உரைகளைத் தென்னாட்டு ஏடுகளும் பேணி வந்தன. கிரணாகமத்துக்கு அவர் எழுதிய உரையின் ஒரு பகுதியை டொமினிக் குடோல் 1998இற் புதுச்சேரியிலிருந்து பதிப்பித்தார். 1970இல் தொடங்கிய நேபாள-ஜெர்மன் சுவடிப் பாதுகாப்புத் திட்டம் காத்மாண்டு ஏடுகளை நுண்படச் சுருளிற் பதிந்து ஆய்வாளர் கைக்கு எட்டச் செய்தது. 9ஆம் நூற்றாண்டளவிலே எழுதப்பட்டதெனக் கருதப்படும் ஓர் ஓலைச்சுவடியில் எஞ்சிய ‘நிசுவாசதத்துவசங்கிதை’ 2015இலே பதிப்புக் கண்டது. இன்று கிடைக்கும் சைவ தந்திரங்களுள் மிகப் பழையதென அறிஞர் கருதுவது இதனையே. மெய்கண்டாருக்குப் பல நூற்றாண்டு முன்னரே இச்சமயநெறி இந்தியாவின் பல பாகங்களிற் பரவியிருந்தது என்பது இன்று ஐயத்துக்கிடமற்ற செய்தி. இதனால் மெய்கண்டாருக்கு இழுக்கில்லை. வடமொழியில் வந்த நெறியைத் தேவார திருவாசகப் பத்தியோடு இணைத்துத் தமிழிலே புதுக்கியவர் என்ற சிறப்பு அவர் மரபுக்கு உண்டு. இழுக்கு, ஆராயாமல் மேடையேறிய எமக்கே.

மாவிட்டபுரத்துக் கேள்விக்கும் இந்நூலகங்களிலிருந்து ஒருவாறு விடை கிடைக்கின்றது. அது நாம் விரும்பும் விடையென்று கூறி வாசகரை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. சிவதீக்கை பெற்றோர் அனைவரும் ஒரே குலத்தவர், அவர்தம் பழைய சாதியைச் சுட்டுதலும் கழுவாய் தேடவேண்டிய குற்றம் என்று ‘சுவச்சந்ததந்திரம்’ கூறுகின்றது. ஆனால் அது சித்தாந்த ஆகமங்கள் இருபத்தெட்டனுள் ஒன்றன்று; பைரவ மரபைச் சார்ந்தது. சித்தாந்த மரபினரோ தீக்கையை நால்வருணத்தாருக்கும் உரியதாக்கிய போதிலும், தீக்கைக்குப் பின்னரும் சாதி வரம்பைப் பேணவே முனைந்தனர். ஒக்ஸ்போர்டுப் பேராசிரியராயிருந்த அலெக்சிஸ் சாண்டர்சன் முதலியோரின் ஆய்வுகள் இவ்வேறுபாட்டை விளக்குகின்றன. எனவே ஆகமம் சாதியை ஒழித்தது என்று நாம் மேடையிற் பேசுவோமாயின், அது வாசலை மறித்தோர் கூற்றைப் போன்றே ஆதாரமற்றதாகும். ஆயினும் சைவநூல்கள் சாதி பற்றி ஒருவாய்ப்படப் பேசவில்லை, அவற்றுள்ளே ஒரு வழக்கு நடந்திருக்கிறது, அவ்வழக்கில் ஒரு கட்சி அடக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிய வருகின்றது. என்றும் மாறாத தெய்வ ஆணை எனக் காட்டப்பட்டது மனிதர் தமக்குள் வாதித்து வகுத்த ஏற்பாடு எனத் தெளிவாகுமிடத்து, வாசலை மறிப்போரின் கால் சற்றே தளரும். 1968இல் அமர்ந்திருந்த மக்களுக்கு உரிமை வேண்டிநிற்க ஆகமச் சான்று தேவையில்லை, மனிதராயிருத்தலே போதும். மறித்தவர்களுக்கோ சான்று தேவைப்பட்டது. அதனை எவரும் கேட்டிலர்.

கிறிஸ்தவப் பக்கத்திலும் இம்மாற்றம் நிகழாமலில்லை. 1963இல் பிலிமத்தலாவையில் நிறுவப்பட்ட இலங்கை இறையியற் கல்லூரி பல சபைகளின் மாணவரை ஒன்றுசேர்த்துச் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்க முற்பட்டது. 1974இல் களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகளார் தொடங்கிய துலான ஆய்வு நிலையத்திலே பௌத்த நூல்களும் கிறிஸ்தவ நூல்களும் அயலயலே இடம்பெற்றன. பௌத்த தத்துவத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற இந்த இயேசு சபைக் குருவானவர், ஏழ்மையையும் பல சமயச் சூழலையும் ஒருங்கே கருதாத இறையியல் ஆசியாவுக்கு உதவாது என எழுதியவர். அயலார் வேதத்தைத் தோற்கடிக்கக் கற்றது போய், அயலாரோடு வாழக் கற்கும் நிலைக்கு நூலகம் வந்தமையை அங்குக் காணலாம். இத்தகைய நிலையங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன என்பதும் உண்மையே.

இனி, எல்லாம் திரைக்கு வந்துவிட்டன என்போரின் கூற்றை நோக்குவோம். வந்தவை பல என்பதை நாம் மறுக்கவில்லை. 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்த நினைவு எம்மவர் எவருக்கும் உண்டு. அது கல்விநிறுவன நூலகம் அன்று. ஆயினும் எமது ஆராய்ச்சியாளர் பலருக்கு அதுவே பல்கலைக்கழகமாயிருந்தது. 2005இல் ஆர்வலர் சிலர் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்று ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாக எவருக்கும் தருகின்றது. அரசாங்கமோ பல்கலைக்கழகமோ செய்யாததை ஊதியம் கருதாத இளைஞர் செய்தனர். புதுச்சேரி நிறுவனத்தின் ஆகமப் படிகளிற் பலவும் முக்தபோத நிறுவனத்தின் எண்ணிமத் தொகுதியில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1854இல் ஹொய்சிங்டன் எழுதியதை இன்று யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடையில் இருந்தவாறே கைத்தொலைபேசியில் வாசிக்கலாம்.

ஆனால் அண்மைக் கட்டுரைகளை அவ்வாறு வாசிக்க முடியுமா? இறையியல் ஆய்வுக்கட்டுரைகளைத் தேடுவதற்கு உலகெங்கும் பயன்படும் பெரிய தரவுத்தளம் அமெரிக்க இறையியல் நூலகங்களின் சங்கத்தாருடையது. 1947இல் தோன்றிய அச்சங்கம், சமயச் சஞ்சிகைகளுக்கு 1949முதல் அட்டவணை தொகுத்து வந்தது. சிறந்த தொண்டு என்பதில் ஐயமில்லை. இன்று அத்தரவுத்தளத்தின் வாசலில் நிற்பது சந்தா. செல்வம் படைத்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சந்தா கட்டுகின்றன. பாடசாலை ஆசிரியர் ஒருவர் தமது மாதச் சம்பளத்தைக் கொண்டு அவ்வாசலை நெருங்கவியலாது. எமது கோயில்கள், எமது ஏடுகள், எமது முன்னோரின் தத்துவம் பற்றிய கட்டுரையை நாம் விலைகொடுத்தே வாசிக்க வேண்டியுள்ளது. மாவிட்டபுரத்திற் சாதி நின்ற இடத்தில் இங்குக் காசு நிற்கின்றது. இலவசமாய்க் கிடைப்பது 150 ஆண்டுக்கு முற்பட்ட அறிவு. நேற்றைய அறிவு மற்றவர்க்கு.

இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. அதனை எமக்கு உணர்த்தியவர் எமது வகுப்பு மாணவி ஒருவர். உயர்தர வகுப்பில் இந்து நாகரிகம் கற்பித்துக்கொண்டிருந்தோம். ஆகமங்கள் இருபத்தெட்டு, பாதங்கள் நான்கு என்று கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசையிலிருந்த அம்மாணவி எழுந்து, “சேர், நீங்கள் ஆகமத்தைக் கண்டிருக்கிறீர்களா?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அறியவே கேட்டார். அவருடைய பேரனார் கோயில் வெளிவீதியில் நின்றே கும்பிட்டுக் காலங்கழித்தவர் என்பது எமக்குத் தெரியும். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்று, பத்தாண்டு காலம் ஆகமத்தின் பெயரைச் சொல்லிச் சம்பளமும் பெற்ற நாம், ஓர் ஆகமத்தின் ஓர் ஏட்டையேனும் கண்டதில்லை. அதனை வகுப்பிலே ஒப்புக்கொண்டோம்.

அன்று மாலை கணினியைத் திறந்து புதுச்சேரிப் படியொன்றை அம்மாணவிக்குக் காட்டினோம். தேவநாகரியிற் கையால் எழுதப்பட்ட பக்கங்கள் திரையில் வரிசையாக ஓடின. எமக்கு அவ்வெழுத்துத் தட்டுத்தடுமாறி வாசிக்குமளவு தெரியும், பொருள் விளங்காது. மாணவிக்கு இரண்டுமில்லை. எந்தப் பக்கத்தில் எது கூறப்படுகின்றது என்று தமிழிற் சொல்லும் ஒரு அட்டவணை எங்கும் இல்லை. 1708இல் சீகன்பால்கு தம் ஐரோப்பிய வாசகருக்கு, இந்நூல் இன்ன பொருள் பற்றியது, இன்ன கடினமுடையது என்று எழுதி உதவினார். மூன்று நூற்றாண்டு கழித்து எமது மாணவிக்கு அவ்வுதவியேனும் இல்லை. பிறகு ஓர் உயர்கல்வி நிறுவனத்து நூலகத்துக்குச் சென்றோம். அச்சிட்ட ஆகமங்கள் உள்ளன என்றனர். அலமாரி பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருப்பவர் விடுமுறையில் என்றனர். மீண்டும் சென்றபோது, பாடசாலை ஆசிரியருக்கு இரவல் தருவதற்கு விதியில்லை என்றனர். விதியை இயற்றியவர் எவரென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆகவே கல்விநிறுவன நூலகத்தின் பணி முடிந்துவிட்டது என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. பேணுதல் என்ற பணியிற் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது, நல்லதே. எஞ்சிய பணிகளை இயந்திரம் செய்யவில்லை. படமெடுக்கப்பட்ட ஒவ்வோர் ஆகமத்துக்கும் படலந்தோறும் பொருளட்டவணை தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். கிரந்தமும் தேவநாகரியும் வாசிக்க எவருக்கும் சாதி, சமய பேதமின்றி மாலை வகுப்பு நடத்துவது பல்கலைக்கழக நூலகத்தின் கடமையாதல் வேண்டும். கற்பிக்க வல்லவர் இன்னும் சிலர் உயிரோடிருக்கின்றனர், இன்னும் இருபது ஆண்டு கழிந்தபின் இருப்பரோ தெரியாது. சந்தா கட்டிப் பெறும் தரவுத்தளங்களைத் தத்தம் மாணவருக்கென ஒதுக்காது, மாவட்டத்து ஆசிரியர்க்கெல்லாம் வாரத்தில் ஒருநாளாவது திறந்துவிடலாம். எமது ஆய்வாளர் தாம் எழுதுவனவற்றைக் காசு வாங்கும் வெளிநாட்டுச் சஞ்சிகைக்குக் கொடுப்பதோடு நில்லாது, உள்ளூர் எண்ணிமத் தொகுதியிலும் ஒரு படி வைக்கலாம். பதவி உயர்வுக்கு வேண்டிய புள்ளிகள் இதனாற் குறையப்போவதில்லை.

சமயநூல்களை அயலார் ஆராயலாகாது என்போருக்கு விடை கூற வேண்டியவர்கள் நாமல்லர். எமக்கு அதனைச் செய்து தந்தவர் ஓய்வுபெற்ற குருக்கள் ஒருவர். பெயரை அவர் விரும்பாமையாற் குறிப்பிடவில்லை. நூலகத்திற் கிட்டாத கிரந்த அச்சுநூல் அவர் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது. நாம் வந்த காரணத்தைக் கூறினோம். மாணவி இன்னார் மகள் என்பதையும் மறைக்கவில்லை. சிறிதுநேரம் அவர் பேசவில்லை. பின்பு நூலைத் தூசிதட்டி எடுத்து, “ஐம்பது வருஷமாய் என்னிடம் கிரியை செய்விக்க வந்தார்கள். இதை ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கோ என்று ஒருவரும் வரயில்லை” என்றார். அன்று அவர் வாசித்துப் பொருள் கூறிய பகுதியில் எமக்கு உவப்பானவையும் இருந்தன, உவப்பில்லாதவையும் இருந்தன. மாணவி இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இப்பொழுது சனிக்கிழமை தோறும் அவர் குருக்கள் வீட்டுத் திண்ணையில் கிரந்த எழுத்துப் பழகுகின்றார். உயிரெழுத்து முடிந்து மெய்யெழுத்துத் தொடங்கியிருக்கிறது. கூட்டெழுத்துக்குத்தான் நாட்செல்லும் என்று குருக்கள் சொல்கிறார்.